தலைகீழ் நிலையும் முதுமையும்

தலைகீழாக நின்றால் முதுமை தள்ளிப்போகும் என்ற நம்பிக்கை நம்மிடையே மிகப் பழையது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த ஹடயோகப் பிரதீபிகை, விபரீதகரணியை நாள்தோறும் பழகுவோருக்கு ஆறே மாதங்களில் தோற்சுருக்கமும் நரையும் மறையும் என்கிறது. தலைச்சாய வணிகர்கள் இதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதற்குச் சான்றாகப் பலரும் காட்டுவது பி.கே.எஸ். ஐயங்காரின் வாழ்க்கையை. 1918இல் கோலார் மாவட்டத்துப் பெல்லூரில் பிறந்து, ஐந்து வயதில் பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்த அவர், மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிந்த சிறுவராக வளர்ந்தவர். 1934இல் மைசூருக்குச் சென்று, சகோதரியின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் பயின்றார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் அரைமணி நேரம் சிரசாசனத்தில் நிற்க அவரால் முடிந்தது. 2014இல், 95ஆம் வயதில் மறைந்தார். வியப்புக்குரிய வாழ்க்கைதான், எனினும் ஒரே கணக்கைப் பார்த்து ஒரு கிளையின் ஐந்தொகையை எழுத இயலாது. இளமையிலேயே பழகிய உடலும், அறுபதில் தொடங்கும் உடலும் ஒன்றல்ல.

தலைகீழ் நிலையில் மூளைக்கு இரத்தம் பெருகிப் பாய்ந்து அதனை இளமையாக்கும் என்பர். ஆனால் மூளை தன் இரத்த ஓட்டத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் இயல்புடையது. கால்களில் தேங்கிய குருதி இதயத்துக்கு எளிதில் திரும்புகிறது என்பது உண்மை. அதற்குப் படுத்துக்கொண்டு கால்களைச் சுவரில் சாய்த்தாலே போதும்.

கண்ணின் நிலை வேறு. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகப் பயிற்சியுடைய 75 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில், சிரசாசனத்தின்போது விழியின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தமை பதிவாகியுள்ளது. அவர்களிடையே நிலையான அழுத்த உயர்வு மிகுதியாகக் காணப்படவில்லை என்பது ஆறுதல். கிளாக்கோமா உடையவருக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. வலியோ அறிகுறியோ இன்றிப் பார்வையை ஓரங்களிலிருந்து கவர்ந்துகொள்ளும் நோய் அது. வயது ஏற ஏற மிகுதியாக வருவது. போன பார்வையை எந்தச் சிகிச்சையும் மீட்டுத் தராது. நோய் இருப்பதை அறியாமலேயே நாள்தோறும் தலைகீழாக நிற்பவரைப் பற்றியே நமக்குக் கவலை.

கழுத்தெலும்புகள் தலையைத் தாங்க அமைந்தவை. உடலைத் தாங்க அல்ல. எலும்புப்புரை உள்ள மூத்தோருக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற மகளிருக்கு, இது சிறிய செய்தியன்று. உயர் இரத்த அழுத்தம், விழித்திரை நோய் உடையோரும் விலகியிருத்தல் நலம்.

ஓய்வுக்குப் பின் இவ்வாசனத்தைத் தொடங்கலாமா என்று கேட்கும் வாடிக்கையாளர்கள், முதலில் கண்ணழுத்தம், இரத்த அழுத்தம், எலும்பு அடர்த்தி ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நெடுநாள் பழகியவர்களும் ஆண்டுக்கொரு முறை கண் மருத்துவரைக் காண்பது நல்லது. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் ஐயங்காரே கயிறு, நாற்காலி முதலிய துணைக்கருவிகளைப் புகுத்தினார். கயிற்றில் தொங்கும்போது கழுத்தின்மேல் பளு இறங்குவதில்லை. கண்ணழுத்தம் மட்டும் அப்போதும் உயரவே செய்யும்.