ஓலைச்சுவடியும் ஒளிப்படமும்

பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்த வழி நெடியது, இடர் நிறைந்தது. பனையோலைக்கு வாழ்நாள் உண்டு. நம் நாட்டு வெம்மைக்கும் ஈரத்துக்கும், கறையானுக்கும் பூச்சிக்கும் தப்பி ஓர் ஏடு முந்நூறு ஆண்டுகள் நிலைத்திருப்பது அரிது. ஆதலால் நம் முன்னோர், ஏடு பழுதுறுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் படி எடுத்து வைத்தனர். அச்சு பரவிய பின்னர் அவ்வழக்கம் நின்றுபோயிற்று. அச்சேறிய நூல்கள் பிழைத்தன. ஏறாதவை பழைய ஏட்டோடு தேய்ந்தன. உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியதும், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் நாம் அறிந்தவையே. ஆயினும் அச்சேறாத ஏடுகள் இன்றும் நூலகங்களிலும் மடங்களிலும் வீட்டுப் பரண்களிலும் கிடக்கின்றன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, அச்சு நூல்களோடு அரிய ஏடுகளும் சாம்பலாயின. வேறு படி இல்லாத ஏடு அழியுமாயின் அந்நூலே உலகினின்றும் மறைகிறது.

முன்பு எழுத்தாணி செய்த படியெடுக்கும் பணியை இன்று டிஜிட்டல் காமிரா செய்கிறது. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுதியை யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அத்தகைய தொகுதிகள் பல ஒளிப்படமாக்கப்பட்டு வருகின்றன. ஆனால் ஏட்டைப் படம் பிடித்துவிட்டால் மட்டும் போதாது. படத்தில் எழுத்துத் தெளிவாக விழவேண்டும். முதிர்ந்த ஏட்டை அவிழ்க்குந்தோறும் ஓரம் ஒடிகிறது. படம் கலங்கியிருப்பது ஓராண்டு கழித்துத் தெரியவருமாயின், மறுமுறை எடுப்பதற்கு அவ்வேடு இருக்குமென்பதற்கு உறுதி இல்லை.

ஏட்டெழுத்தின் இயல்பை அறிந்தால் இதன் அருமை விளங்கும். ஓலையில் அழுத்திப் புள்ளியிட்டால் ஓலை கிழியும்; எனவே ஏடெழுதுவோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். இவற்றையெல்லாம் படிப்பவரே இடம் நோக்கி உய்த்துணர வேண்டும். இந்நிலையில் எஞ்சியுள்ள சிறு கோடுகளும் படத்தில் குழம்புமாயின் அவர் எதனைப் பற்றிக்கொண்டு படிப்பார்? பூச்சி அரித்த துளை எது, எழுத்தின் சுழி எது என்று அறிய வழியிராது.

இனி, காமிரா எவ்வாறு படம் பிடிக்கிறது என்பதைச் சிறிது காண்போம். வில்லையின் வழியே வரும் ஒளி, உள்ளே இருக்கும் ஒளியுணர் தகட்டின்மீது விழுகிறது. அத்தகடு மிகச் சிறு கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை ஓர் எண்ணாக மாற்றித் தருகிறது. அக்கட்டங்களைப் பிக்சல் என்பர். 2 கோடியே 40 லட்சம் பிக்சல் உள்ள காமிராவில், அகலத்தில் 6,000 கட்டங்களும் உயரத்தில் 4,000 கட்டங்களும் இருக்கும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஏடு படத்தின் அகலம் முழுவதையும் நிறைக்குமாறு எடுத்தால், ஏட்டின் ஒரு மில்லிமீட்டருக்கு 15 பிக்சல் கிடைக்கும். எழுத்தாணிக் கீறலின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், அக்கீறலுக்குக் கிடைப்பவை மூன்றே பிக்சல்கள்! ஏட்டை இரு பாதியாகப் பிரித்து இரண்டு படம் எடுத்தால் ஆறு கிடைக்கும். நீண்ட ஏடுகளுக்கு இதுவே நன்று. வேலை இரட்டிப்பாகும் என்பது மெய்தான்.

ஆயினும் பிக்சல் மிகுந்த காமிராவை வாங்கிவிட்டால் தெளிவு தானே வரும் என்று எண்ணுவது பிழை. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில், தகட்டின்மேல் விழும் உருவம் மூன்று பிக்சல் அளவு நகர்ந்தாலும் போதும். கீறல் இருமடங்கு அகலமாகி அடுத்த கீறலோடு கலந்துவிடும். கையில் பிடித்து எடுக்கும்போது இத்தகைய அசைவு எளிதில் நேரும். வில்லையின் குவியத்தூரம் 60 மில்லிமீட்டராயின், ஷட்டர் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குக்கு மேல் திறந்திருத்தல் ஆகாது என்பது பிலிம் சுருள் காலத்து விதி. அண்மையில் உள்ள பொருளை எடுக்கும்போது அவ்விதியும் போதாது. நூலக அறையின் மங்கிய ஒளியிலோ, ஷட்டர் கால் நொடி திறந்திருக்க வேண்டிவரும். ஆகையால், ஆடாத மேசைமீது ஏட்டை வைத்து, அதற்கு நேர் மேலே உறுதியான தாங்கியில் காமிராவைக் கவிழ்த்துப் பொருத்துவர். பொத்தானை விரலால் அழுத்தும் அதிர்ச்சியும் படத்தில் பதியும். ஆதலின் அழுத்தி இரண்டு நொடி கழித்து ஷட்டர் திறக்குமாறு அமைத்துக்கொள்வர். அந்நேரத்தில் அறையில் நடமாடுவதும் நன்றன்று. மரத்தளமாயின் சொல்லவே வேண்டுவதில்லை.

அசைவை நீக்கியபின் குவியத்தைக் கவனிக்க வேண்டும். பழைய ஏடு தட்டையாக இராது. முனைகள் சுருண்டு மேலெழும்பும். வில்லையின் துவாரம் அகலத் திறந்திருந்தால் தெளிவாக விழும் ஆழம் விரற்கடையினும் குறைவு. ஏட்டின் நடுவு தெளிவாகவும் முனைகள் மங்கலாகவும் விழும். துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் மிகும். அப்படியானால் இயன்றமட்டும் சுருக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கே இயற்கை ஒரு தடை வைத்திருக்கிறது. ஒளி அலை வடிவினது. குறுகிய துவாரத்தின் விளிம்பில் அது வளைந்து பரவுகிறது. இதனை விளிம்பு விளைவு என்பர். எஃப் 22 என்னும் மிகச் சிறிய துவாரத்தில் ஒரு புள்ளியின் ஒளி நான்கைந்து பிக்சல் அகலத்துக்குப் பரந்துவிடும். வில்லை எத்துணை விலையுயர்ந்ததாயினும் இதற்கு விலக்கு இல்லை. எனவே எஃப் 8 போன்ற இடைப்பட்ட துவாரமே ஏற்றது. காமிரா ஏட்டிற்கு இணையாக நிற்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஏடு வைக்கும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக் காமிராவின் திரையைப் பார்த்தால், வில்லையின் பிம்பம் சரியாக நடுவில் தெரியவேண்டும். விலகித் தெரிந்தால் காமிரா சாய்ந்திருக்கிறது.

ஒளியை அமைப்பதில்தான் பழகியவரின் திறமை வெளிப்படும் என்பது என் கருத்து. ஏட்டில் எழுத்து என்பது கீறப்பட்ட பள்ளம். அதில் கரிமை தடவுவதனாலேயே அது கண்ணுக்குத் தெரிகிறது. நாளடைவில் மை உதிரும், ஓலையும் கறுக்கும். காமிராவின் மேலிருக்கும் மின்வெட்டு விளக்கை நேராகப் பாய்ச்சினால், எண்ணெய் பூசிய ஓலை பளபளத்து எழுத்தை மறைத்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துச் சாய்வாக ஒளி விழச்செய்தால், ஒவ்வொரு கீறலும் தன்னுள் ஒரு நிழலைத் தாங்கி நிற்கும். மை முற்றும் உதிர்ந்த ஏடும் அப்போது படிக்கக்கூடியதாவதுண்டு.

படம் சிறிது மங்கினாலென்ன, கணிப்பொறியில் கூர்மையாக்கிக்கொள்ளலாமே என்பார் உளர். கூர்மையாக்கும் நிரல்களுட் பல, கோட்டின் ஓரத்தில் இருளை மிகுத்து, அதனை அடுத்த இடத்தின் வெளிச்சத்தையும் மிகுக்கின்றன, அவ்வளவே. காமிரா வாங்காத கோட்டை அவை தருவதில்லை. அளவு மீறினால் இல்லாத வெள்ளைக் கோடுகள் எழுத்தைச் சுற்றித் தோன்றும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மங்கிய படத்தைத் தெளிவாக்கும் நிரல்கள் இன்று வந்துள்ளன. அவை தாம் முன்பு கண்ட படங்களைக்கொண்டு இங்கே இன்னது இருந்திருக்கலாம் என ஊகித்து வரைகின்றன. திருமணப் படத்துக்கு அஃது ஏற்புடையதாகலாம். ஏட்டிலோ, ஊகித்து வரைந்த ஒரு சுழி புதியதொரு பாடபேதமாகிவிடும்; அதனை எழுதியவர் புலவருமல்லர், ஏடெழுதியவருமல்லர்.

ஆகவே, கட்டை அவிழ்த்த அன்றே சோதனையும் முடியவேண்டும். முதல் ஏட்டின் படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெருக்கி, நடுவையும் நான்கு மூலைகளையும் பார்ப்பர். பின்னர்ப் பத்து ஏட்டுக்கு ஒருமுறையேனும் அவ்வாறே பார்ப்பர். அளவுகோல் ஒன்றை ஏட்டின் அருகே வைத்து எடுத்திருந்தால், அதன் மில்லிமீட்டர்க் கோடுகள் பிரிந்து தெரிவதைக்கொண்டே படத்தின் தெளிவை மதிப்பிடலாம். குறை கண்ட ஏட்டை அப்போதே மீண்டும் எடுத்து, அதன்பின் மரச்சட்டங்களை மேலும் கீழும் வைத்துக் கயிற்றால் கட்டி, சுவடியைப் பேழையில் வைப்பர்.