மரபணு மாற்றிய உணவும் லயத்துத் தோட்டமும்

"சோயா மீட்டுல ஏதோ மாத்துன விதையைக் கலக்குறாங்களாமே, சாப்பிட்டா புள்ள பொறக்காதாமே" என்று கொழுந்து மலையில் பேசிக்கொள்கிறார்கள். பயம் ஊரெல்லாம் பரவியிருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். நம் மலைகளில் உள்ள வீ.பி. தேயிலை மரபணு மாற்றியது அல்ல. நல்ல தாய்ச்செடியின் கிளையை ஓர் இலையோடு வெட்டி, தவறணையில் வேர்விட வைத்த கன்று அது. கடையில் வாங்கும் ஹைபிரிட் கோவா விதையும் அப்படியல்ல. இரண்டு கோவா வகைகளைக் கலந்து எடுத்தது. மரபணு மாற்றம் என்பது ஆய்வுகூடத்தில் செய்யும் வேலை. பெரும்பாலும் வேறோர் உயிரின் மரபணுவை எடுத்துப் பயிருக்குள் வைப்பார்கள்.

கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். காயைத் துளைக்கும் புழு நமக்கெல்லாம் தெரிந்த எதிரிதானே. மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவின் மரபணுவைக் கத்தரிக்குள் வைத்தார்கள். செடியே ஒரு புரதத்தை உண்டாக்கும், அதைத் தின்ற புழு செத்துப்போகும். "புழு சாகுதுன்னா நமக்கு என்னா ஆகும்?" என்று கேட்பது நியாயம்தான். அந்தப் புரதம் புழுவின் குடலில் ஒட்டித்தான் வேலை செய்யும். மனிதக் குடலில் அப்படி ஒட்டும் இடம் இல்லை. ஆனாலும் 2010 பெப்ரவரியில் இந்தியா இந்தக் கத்தரியை நிறுத்திவைத்தது. பங்களாதேஷ் 2013இல் அனுமதித்தது.

இன்று சந்தையில் உள்ள இவ்வகை உணவுகள் சோதிக்கப்பட்டவை, அவற்றால் உடம்புக்குத் தீங்கு வர வாய்ப்பில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளை பிறக்காது என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று ஆகிவிடாது. பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் வைத்தபோது, அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்று 1996இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அது சந்தைக்கு வராமலே நின்றது.

அமெரிக்காவில் விளையும் சோயாவில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றியது. இந்தியாவில் அதைப் பயிரிட அனுமதியில்லை. ஆகவே சோயா எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, மரபணு மாற்றிய உணவை அனுமதி பெற்று, பைக்கற்றில் அதைக் குறிப்பிட்டுத்தான் விற்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் பைக்கற்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை விதை யார் கையில் இருக்கிறது என்பதே. கனடாவில் ஒரு விவசாயி, கம்பெனி காப்புரிமை வைத்திருந்த மரபணு உள்ள கனோலா விதையை எடுத்துவைத்து விதைத்தார். வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை போய், 2004இல் கம்பெனி பக்கமே தீர்ப்பானது. பங்களாதேஷ் கத்தரியிலோ விதையை அரசாங்க ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது, விவசாயி அதை எடுத்துவைக்கலாம். ஒரே மாதிரி தொழில்நுட்பம், ஆனால் விதையின் உரிமை வேறு.

எல்லா இடத்திலும் ஒரே பயிர் என்பதும் ஆபத்துதான். நம் முன்னோரைக் கூட்டிவந்தது கோப்பிக்காக. மலையெல்லாம் கோப்பியாக இருந்தபோது 1869இல் இலைத்துரு நோய் தெரியவந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தே போயின. லயத்துப் பின்னால் நாலு விதச் செடி வைப்பவருக்கு ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவு விலை ஒரே வருடத்தில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. ஒரு பாத்தி கீரையும் போஞ்சியும் அப்போது என்ன பெறுமதி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

விதை எடுக்க ஹைபிரிட் செடி சரிவராது, மறுமுறை தாயைப் போல வராது. நாட்டு வகையாகப் பாருங்கள். போஞ்சியில் நோயில்லாத செடி இரண்டைப் பறிக்காமல் விடுங்கள். காய் செடியிலேயே காயட்டும். மழையும் பனியும் விடாவிட்டால் செடியோடு பிடுங்கி அடுப்புக்கு மேலே, சூடு அதிகம் படாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கத்தரியென்றால் காய் மஞ்சளாகப் பழுக்கும்வரை விட்டு, தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை மட்டும் நிழலில் உலர்த்துங்கள். சாம்பலோடு கலந்து மூடியுள்ள போத்தலில் போட்டு, வகையும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். பக்கத்துக் காம்பிராவுக்கும் ஒரு கைப்பிடி கொடுத்துவையுங்கள். உங்கள் விதை கெட்டுப்போனால் அங்கே போய்க் கேட்கலாம்.