கோப்பு ஓரிடம், கணினி ஓரிடம்

நார்வேயின் ஸ்தவாங்கர் நகரத்துக்கு மேற்கே, வடகடலில் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் வோல்வே என்றொரு சிறிய எண்ணெய் வயல் இருந்தது. 2008இல் தொடங்கிய உற்பத்தி 2016இல் நின்றுபோனது. அதை நடத்திவந்த ஈக்வினார் நிறுவனம் 2018இல் அபூர்வமான ஒரு காரியம் செய்தது. அந்த வயலைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்த ஏறக்குறைய 40,000 கோப்புகளை, மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்துவிட்டது. கடலடிப் பாறை அடுக்குகளைப் படம்பிடித்த நிலஅதிர்வுப் பதிவுகள், கிணறு தோண்டும்போது எழுதப்பட்ட அன்றாட அறிக்கைகள், உற்பத்திக் கணக்குகள் எல்லாம் அதில் உண்டு. நிலஅதிர்வுக் கோப்புகளில் சில பல ஜிபி அளவுள்ளவை. அன்றாட அறிக்கைகளோ சில கேபிதான்.

இப்படிப்பட்ட தொகுப்பை அலுவலக சர்வரின் ஷேர்டு ஃபோல்டரில் போட்டு, ஒரு விர்ச்சுவல் மெஷினிலிருந்து திறந்து பார்ப்பவர்களுக்கு விசித்திரமான அனுபவம் காத்திருக்கிறது. ஒரே கோப்பாக இருக்கும் பெரிய பதிவு மளமளவென்று வந்து சேரும். குட்டிக் குட்டி அறிக்கைகள் அடங்கிய ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கேபிளும் கணினிகளும் மாறவில்லை. ‘நெட் ஸ்லோ’ என்று சொல்லி அதிவேக இணைப்புக்குக் காசு கட்டினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது.

காரணம், இணைப்பின் அகலம் அல்ல. இரண்டு கணினிகளும் பேசிக்கொள்ளும் விதம். மளிகைக் கடையில் பட்டியலை மொத்தமாகக் கொடுத்து வாங்கினால் ஒரே நடையில் வேலை முடியும். உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று போனால் சாலை எவ்வளவு அகலமாக இருந்தும் பொழுது போய்விடும். ஷேர்டு ஃபோல்டரில் ஒரு கோப்பைத் திறக்கும்போது நடப்பது இரண்டாவது வகை. இந்தப் பெயரில் கோப்பு உண்டா, திறக்க அனுமதி உண்டா, அளவு என்ன, உள்ளடக்கத்தைக் கொடு, முடிந்தது மூடிக்கொள் என்று கேள்வி போகிறது, பதில் வருகிறது. ஃபோல்டரில் சின்னப் படங்களைக் காட்டும்படி விண்டோஸில் அமைத்திருந்தால் அதற்கும் ஒவ்வொரு கோப்பையும் தனியாகத் தொட வேண்டும்.

கோப்பு ஒன்றுக்கு நான்கு கேள்வி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 40,000 கோப்புகளுக்கு 1,60,000 கேள்விகள். ஒரே கட்டடத்துக்குள் ஒரு பதில் வர அரை மில்லிவினாடி ஆனால், வரிசையாகக் கேட்டு முடிக்க 80 வினாடி. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். எனவே நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள கணினிக்குப் போய்வர ஒரு மில்லிவினாடியாவது தேவை. ஸ்தவாங்கருக்கும் ஆஸ்லோவுக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வழியிலுள்ள கருவிகளின் தாமதமும் கேபிளின் வளைவுகளும் சேர்ந்து போய்வர 10 மில்லிவினாடி ஆகிறதென்றால், அதே 80 வினாடி வேலை 26 நிமிடத்தைத் தாண்டிவிடும். சென்னை ஓஎம்ஆரில் உட்கார்ந்து ஸ்தவாங்கர் சர்வரைத் திறப்பவருக்கு இடைப்பட்ட தூரம் கிட்டத்தட்ட 7,900 கிலோமீட்டர். போய்வர 160 மில்லிவினாடி என்று வைத்தால் ஏழு மணி நேரம். ஜிபிபிஎஸ் கணக்கில் எந்தத் திட்டம் வாங்கினாலும் ஒளியின் வேகத்தை யாரும் கூட்டித் தர முடியாது.

ஷேர்டு ஃபோல்டருக்கான இந்தக் கேள்வி-பதில் பேச்சுமுறைக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. ஒரே கட்டடத்துக்குள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருக்கும் கணினிகளுக்காகப் பிறந்தது என்பதால், கேள்விகளின் எண்ணிக்கையைப் பற்றி அன்று கவலைப்படத் தேவை இருக்கவில்லை. 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கம்பியில் ஓடிய பாக்கெட்டுகளைக் கவனித்தே இந்த முறையைப் புரிந்துகொண்டு ஒரு சர்வர் எழுதினார். லினக்ஸ் கணினிகள் விண்டோஸ் ஃபோல்டர்களோடு உறவாட உதவும் சாம்பா அதிலிருந்து வளர்ந்தது. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த எஸ்எம்பி இரண்டாம் பதிப்பில் மைக்ரோசாஃப்ட், நூற்றுக்கும் மேற்பட்டிருந்த கட்டளைகளை 19 ஆகக் குறைத்தது. பல கேள்விகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பவும் வழி செய்தது. பழைய ஸ்கேனர்களும் பழைய சேமிப்புப் பெட்டிகளும் இன்னமும் முதல் பதிப்பிலேயே பேசுகின்றன. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னாக்ரை என்ற மிரட்டல் வைரஸ், அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. மெதுவானது, ஆபத்தானதும்கூட. அதை அணைத்துவிடுவதற்குத் தயங்கவே வேண்டாம்.

தொலைதூரம் மட்டும்தான் வில்லன் என்றால் விஷயம் எளிது. ஆனால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் கணினிக்கும் விர்ச்சுவல் மெஷினுக்கும் இடையேயும் இந்த மந்தம் வருகிறது. விர்ச்சுவல் மெஷின் என்பது மென்பொருளாலேயே கட்டப்பட்ட இன்னொரு கணினி. தனக்கென ஒரு டிஸ்க் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பது. வெளியே இருக்கும் கணினியின் ஃபோல்டரை அதற்குக் காட்ட வேண்டுமானால் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. ஒவ்வொரு கேள்வியும் விர்ச்சுவல் மெஷினிலிருந்து வெளியே வந்து, மொழி மாறி, டிஸ்க்கைத் தொட்டு, அதே வழியில் திரும்ப வேண்டும்.

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 இதற்கு நல்ல உதாரணம். லினக்ஸ் பக்கத்திலிருந்து விண்டோஸின் சி டிரைவைப் படிக்க, பெல் ஆய்வகத்தின் பிளான் 9 திட்டத்தில் பிறந்த 9பி என்ற முறையை அது பயன்படுத்துகிறது. லட்சக்கணக்கான சிறு கோப்புகளைக் கொண்ட ஒரு இணையதளத் திட்டத்தை அப்படி வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் நொந்துபோவார்கள். லினக்ஸ் கருவிகளால் வேலை செய்யும் கோப்புகளை லினக்ஸின் சொந்த டிஸ்க்கிலேயே வையுங்கள் என்று மைக்ரோசாஃப்டே தன் கையேட்டில் சொல்கிறது. அந்த ஒரு இடமாற்றம் போதும், பல பேருடைய தலைவலி தீர்ந்துவிடும். விர்ச்சுவல் மெஷினை ஓட்ட விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அதன் விண்டோவின் கீழ்ப்பட்டையைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது, மெஷின் முழுவேகத்தில் ஓடவில்லை என்று பொருள்.

நெட்வொர்க் கார்டின் உள்ளமைப்பும் காரணமாகலாம். விண்டோஸ் சர்வர் 2012 காலத்தில், பிராட்காம் ஒரு ஜிபிபிஎஸ் கார்டுகள் உள்ள சர்வர்களில் ஓடிய விர்ச்சுவல் மெஷின்களின் நெட்வொர்க் காரணமே தெரியாமல் தவழ்ந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி வரிசை கொடுத்து வேகம் கூட்டுவதற்கென்றே இருந்த விஎம்க்யூ என்ற வசதிதான் அங்கே முட்டுக்கட்டையாக நின்றது. டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது அந்த வசதியை அணைக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் தீர்வு வெளியிட்டது. கம்பியையும் ஸ்விட்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர்களுக்கு, குற்றவாளி ஒரு டிக் குறிக்குள் ஒளிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே ஊகிப்பதற்கு முன்னால் அளக்க வேண்டும். ஒரு ஜிபிக்கு மேல் உள்ள ஒற்றைக் கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். ஒரு ஜிபிபிஎஸ் கம்பியில் வினாடிக்கு 110 எம்பி அளவில் வர வேண்டும். அது 11 எம்பியை ஒட்டியே நிற்கிறதா? இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. ஜிபிபிஎஸ் வேகத்துக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடி கம்பிகளும் தேவை. 100க்கு இரண்டு ஜோடி போதும். மீதி இரண்டு ஜோடிகளில் ஒரே ஒரு கம்பி பிளக்கினுள்ளே விட்டுப்போயிருந்தாலும் கருவிகள் சத்தமில்லாமல் கீழே இறங்கி ஒத்துப்போகும். இணைப்பு அறுந்துபோகாது, அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. நூறு ரூபாய் கேபிள் தீர்க்க வேண்டிய விஷயத்துக்குப் புது சர்வர் வாங்கிவிடுவார்கள்.

பெரிய கோப்பு சரியாக வந்து, சின்னக் கோப்புகள் மட்டும் திணறினால், கேள்வி எண்ணிக்கையும் பதில் வரும் நேரமும்தான் பிரச்சினை. பிங் கட்டளையைக் கொடுத்தால் பதில் நேரம் தெரியும். ஃபோல்டர் திறக்கும்போது முதல் சில வினாடிகள் மட்டும் உறைந்து நின்று, பிறகு ஓடினால், கணினியின் பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியைக் கொடுத்துத் திறந்து பார்க்கலாம். அப்போது உடனே திறந்தால் பெயர் தேடும் இடத்தில் தவறு. ஆன்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பையும் கம்பி வழியே இழுத்துச் சோதிப்பதும் உண்டு. எதுவும் பிடிபடாதபோது, கம்பியில் ஓடுவதைக் கவனிக்கும் வயர்ஷார்க் மென்பொருள் இருக்கிறது. ட்ரிட்ஜெல் அன்று செய்ததுபோல, ஓடும் ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும், இடையில் போன நேரத்தையும் அது திரையில் வரிசையாகக் காட்டிவிடும்.

இணையத்தில் சிலர் தரும் ஒரு யோசனையைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் ஷேர்டு ஃபோல்டர் பேச்சு முழுவதும் டிஜிட்டல் கையொப்பத்தோடு நடக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இதனால் பழைய கருவிகளில் வேகம் குறையும். சில இணைப்பையே மறுக்கும். எனவே கையொப்பத்தை அணைத்துவிடுங்கள் என்பதுதான் அந்த யோசனை. அணைத்துவிட்டால் வேகம் கிடைக்கும்தான். ஆனால் நடுவில் புகுந்து ஆள்மாறாட்டம் செய்பவரைத் தடுப்பது அந்தக் கையொப்பம். சம்பளப் பட்டியலும் நோயாளிகளின் அறிக்கைகளும் இருக்கும் ஃபோல்டருக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாகாது.

தூரத்தால் வரும் மந்தத்தை ஸ்தவாங்கர் வேறு திசையிலிருந்து அணுகியது. மத்தி மீன் டப்பாக்களுக்குப் பேர்போன அந்தத் துறைமுக நகரம், 1969இல் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு எண்ணெய்த் தலைநகரம் ஆனது. அரசு எண்ணெய் நிறுவனமும் பெட்ரோலிய இயக்குநரகமும் 1972இல் அங்கேதான் தலைமையகம் அமைத்தன. ஒவ்வொரு நிறுவனமும் ஒரே நிலஅதிர்வுப் பதிவைத் தனித்தனியாகச் சேமித்து வைப்பது வீண் என்று, 1995இல் இயக்குநரகமும் எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து டிஸ்கோஸ் என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தை உருவாக்கின. இன்று அதன் இருப்பு பெட்டாபைட் கணக்கில் இருக்கிறது. ஒரு பெட்டாபைட் என்பது பத்து லட்சம் ஜிபி. இதை மேசைக் கணினிக்குக் கொண்டுவருவது நடக்கிற காரியமல்ல.

எனவே கணினியே தரவு இருக்கும் இடத்துக்குப் போகிறது. நிலவியலாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஓடும் விர்ச்சுவல் மெஷின், சேமிப்பு டிஸ்க்குகள் உள்ள அதே டேட்டா சென்டரில் இருக்கும். கோப்பைப் பற்றிய லட்சக்கணக்கான கேள்விகள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே போய்வரும். நிலவியலாளரின் மேசைக்கு வருவது திரையின் படம் மட்டும். அங்கிருந்து போவது மவுஸ் அசைவும் விசைத் தட்டலும். 10 மில்லிவினாடி தாமதம் கண்ணுக்குத் தெரியாது. டேட்டா சென்டர்களும் அந்தப் பகுதியிலேயே வந்தன. ஸ்தவாங்கர் நகராட்சிக்குள் வரும் ரென்னேசோய் தீவில், நேட்டோவின் ஆயுதக் கிடங்காக இருந்த மலைக்குகையில் 2013இல் கிரீன் மவுண்டன் டேட்டா சென்டர் தொடங்கியது. அதன் இயந்திரங்களைக் குளிர்விப்பது பக்கத்து ஃபியோர்டின் ஆழத்திலிருந்து வரும் 8 டிகிரி தண்ணீர். 2019 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் அஷூர் கிளவுட் மையங்களை நார்வேயில் திறந்தபோது ஒன்றை ஆஸ்லோ பகுதியிலும் மற்றொன்றை ஸ்தவாங்கரிலும் வைத்தது.

இதே வழி, ஈரோட்டிலோ திருநெல்வேலியிலோ உள்ள ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கும் பொருந்தும். டேலி கணக்குகளை ஒரு கணினியின் ஷேர்டு ஃபோல்டரில் வைத்து நாலைந்து பேர் திறப்பது அங்கே வழக்கம். அலுவலகத்துக்குள் கம்பியில் ஓடும்வரை சமாளித்துவிடலாம். வீட்டிலிருந்து விபிஎன் போட்டு அதே ஃபோல்டரை வீட்டு மடிக்கணினியின் டேலியில் திறந்தால், ஒரு பேலன்ஸ் ஷீட் வருவதற்குள் காபி ஆறிவிடும். அதற்குப் பதிலாக, விபிஎன் வழியாக அலுவலகக் கணினிக்கே ரிமோட் டெஸ்க்டாப்பில் போய், அங்குள்ள டேலியையே திறந்தால் பழைய வேகம் திரும்பும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். விபிஎன் இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்கள் நுழைய விரும்பும் வாசல்களில் அது ஒன்று. அச்சிடும்போது, வீட்டு பிரிண்டரை இணைப்பு அமைப்பிலேயே சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் பில்கள் அலுவலக பிரிண்டரில் அச்சாகி, காலையில் வருபவர் கையில் கிடைக்கும்.