வழக்கும் விருந்தும்

நீதிமன்றப் படிகளில் நின்று நோக்குவார்க்கு வியப்பும் ஐயமும் ஒருங்கே விளைவிக்கும் காட்சி ஒன்றுண்டு. காலை முழுவதும் சொல்லுக்குச் சொல் மறுத்து வாதாடிய சட்டத்தரணிகள் இருவர், மன்று கலைந்ததும் சிரித்துப் பேசிக்கொண்டு தேநீர் அருந்தச் செல்வர். கட்சிக்காரனோ தன் காணியையும் கைப்பொருளையும் அவருள் ஒருவர் நாவில் ஒப்படைத்தவன். 'உள்ளே கண்ட பகை மெய்யா, வெளியே காணும் நட்பு மெய்யா?' என்று அவன் மனம் கலங்குதல் இயல்பே. இக்கலக்கத்துக்கு விடை காண்பான் புகுந்த யான், ஐரோப்பாவில் தோன்றி உலகெங்கும் கிளைத்த ஒரு சங்கத்தின் வழக்கத்தை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

இளஞ் சட்டத்தரணிகளின் சருவதேசச் சங்கம் 1962 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டி அதனை 'ஐஜா' என வழங்குவர். இளையோர் என்பதற்கு அவர்கள் வகுத்த எல்லை 45 வயது. அதன் பேரவை ஆண்டுதோறும் வெவ்வேறு நகரிற் கூடும். 2015 இல் இலண்டனிலும், 2016 இல் மியூனிக்கிலும், 2017 இல் டோக்கியோவிலும் கூடிற்று.

மாநாடு என்றதும் நம் மனக்கண்முன் நிற்பன மேடையும் தலைமையுரையும் நன்றியுரையுமே. இப்பேரவையிலும் சட்ட ஆராய்ச்சி அமர்வுகள் உள. ஆயின், அவற்றோடு ஒப்ப வரவேற்பு விருந்து, முதன்முறை வந்தோரை ஏனையோர்க்கு அறிமுகஞ் செய்யும் கூட்டம், ஊர்காண் உலா, நிறைவுப் பெருவிருந்து என்பனவும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுகின்றன. அவற்றுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது இல்லவிருந்து. ஒரு மாலையில் அந்நகரத்துச் சட்டத்தரணிகள், பன்னாட்டு விருந்தினரைச் சிறுசிறு குழுவினராகத் தத்தம் மனைக்கு அழைத்து உண்பிப்பர். நேற்றுவரை முகமறியாத பிரேசில் நாட்டவரும் யப்பானியரும் யாரோ ஒருவர் வீட்டு மேசையைச் சூழ்ந்து, அவ்வீட்டுப் பிள்ளைகளோடு உரையாடி உண்பர் என்றால் அஃது எளிய செய்தியன்று.

சட்டம் பயில்வோர்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. இங்கிலாந்தில் லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்னும் நான்கு சட்டவிடுதிகள் உள. பாரிஸ்டர் ஆக விழைவோர் அவற்றுள் ஒன்றிற் சேர்ந்து, பரீட்சையிற் சித்தியெய்துவதோடு, குறித்த தொகை விருந்துகளிலும் அமர்தல் வேண்டும் என்பது முன்னை விதி. 1888 இல் இலண்டன் சென்று, இன்னர் டெம்பிளிற் பயின்று, 1891 இல் பாரிஸ்டர் ஆகிய காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் இதனை விரித்துரைக்கின்றார். பருவங்கள் 12, பருவந்தோறும் நிகழும் ஏறத்தாழ 24 விருந்துகளில் ஆறிலேனும் இருத்தல் வேண்டும். நால்வர் கொண்ட பந்திக்கு இரண்டு போத்தல் மது வழங்கப்படும். அடிகள் மதுவைத் தீண்டாதவர் ஆதலின் அவர் பங்கும் ஏனை மூவர்க்கே ஆகும். அதனால் அவரைத் தம் பந்தியிற் சேர்த்துக்கொள்ள மாணவர் பெரிதும் விரும்பினராம்!

நகைச்சுவை ஒருபுறமிருக்க, அடிகள் கூறும் மற்றொரு செய்தி ஆழ்ந்து நோக்கற்பாலது. முற்காலத்தில் மாணவர் சிலரே. விடுதியின் மூத்தோர் அவரோடு கலந்துண்டனர். அதனால் இளையோர்க்கு உலகியலறிவும் பேச்சுத்திறனும் வாய்த்தன. தம் காலத்திலோ மூத்தோர் தனிமேசையில் அமர்ந்தனர் என்றும், பயன் போய் வழக்கம் மட்டுமே எஞ்சியது என்றும் அவர் எழுதினார். உணவு அதே உணவு. மண்டபம் அதே மண்டபம். மூத்தோர்க்கும் இளையோர்க்கும் இடையே மேசை பிரிந்தமையால் விருந்து வெறுஞ் சோறாயிற்று.

பந்தி ஒரு வாயிலும் ஆகும். அவ்விடுதிகளின் பந்தியில் இடம்பெறாதார்க்குப் பாரிஸ்டராக மன்றில் வாதிடும் உரிமையும் இல்லாதிருந்தது. பெண்களுக்கு அவ்வாயில் நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. 1919 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை நீக்கிய பின்னரே எலெனா நோர்மன்ரன் என்னும் அம்மையார் மிடில் டெம்பிளில் அனுமதி பெற்றார். ஐவி வில்லியம்ஸ் அம்மையார் 1922 இல் இங்கிலாந்தின் முதற் பெண் பாரிஸ்டர் ஆனார்.

இனி, இவ்விருந்துகளால் ஏழை எளியவர்க்கு வரும் பயன் யாது? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். கணவனும் மனைவியும் பிரிந்தனர். தந்தை குழந்தையைத் தாயறியாமல் வேற்றுநாட்டுக்குக் கொண்டேகினான் எனக் கொள்க. இத்தகைய குழந்தையை மீட்டற்கென 1980 இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை வகுக்கப்பட்டது. இலங்கையும் 2001 இல் அதனைத் தழுவியது. ஆறு வாரத்துள் முடிவு காணப்படாவிடின் தாமதத்தின் காரணத்தைக் கேட்கலாம் என்று அவ்வுடன்படிக்கை விதிக்கின்றது. தாயின் சட்டத்தரணி இவற்றையெல்லாம் கற்றவர்தாம். ஆயினும் அந்நாட்டு மன்றில் எழுந்து பேச அவர்க்கு உரிமை இல்லை. ஆங்குள்ள ஒருவரை நாடியே ஆகவேண்டும். எவரை நாடுவது? நூலிலுள்ள பெயர்ப்பட்டியல் ஆயிரம் பெயர் தரும். யார் நள்ளிரவில் அழைத்தாலும் எழுவார், யார் சொன்ன சொல் தவறார் என்பதைத் தராது. என்றோ ஒருநாள் ஒரு மேசையில் உடனுண்டு அறிந்த முகமே அப்போது துணையாகும். விருந்திற் பிறந்த நம்பிக்கை, விருந்தையே அறியாத ஒரு தாய்க்குப் பயன்படுகின்றது.

'உடனுண்டவர் எதிரெதிர்க் கட்சியில் நிற்க நேரின் நட்புக்காக வழக்கை விட்டுக்கொடாரோ?' என வினவலாம். தக்க வினாவே. திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் 11 ஆம் அதிகாரம். நடுவுநிலைமை 12 ஆம் அதிகாரம். நன்றி செய்தாரை நினைக்குமிடத்து நடுவுநிலைமை சிதைதல் கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்கே ஒன்றன்பின் ஒன்று வைக்கப்பட்டது எனப் பரிமேலழகர் முறைவைப்புக்குக் காரணங் காட்டினார். உண்ட நன்றி ஒருபுறமும் ஏற்ற கடமை மறுபுறமும் இழுக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்தேயிருந்தனர். எனினும் அவர் நன்றியையும் விலக்கினாரல்லர், விருந்தையும் விலக்கினாரல்லர். நண்பனே எதிர்வாதியாக வந்தவிடத்துத் தன் கட்சிக்காரன் மறைபொருளை வெளியிடாமலும், வாதத்திற் சிறிதுந் தளராமலும் நிற்பவனே சட்டத்தரணி. அங்ஙனம் நின்றபின் தேநீர் அருந்தச் செல்லும் இருவரைக் கண்டு கட்சிக்காரன் அஞ்சவேண்டியதில்லை. அவர் பொருதது வழக்கைப்பற்றி. ஒருவரை ஒருவர் வெறுத்தன்று.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றற்கு அப்பெயரிட்டது அப்பொருள் பற்றியே. உறவினர் கூடியுண்பதை இக்காலத்து விருந்தென்கின்றோம். புதியவரை ஏற்பதே உண்மை விருந்து. இவ்வளவுகோலால் இப்பேரவையையும் அளக்கலாம். ஒரே நாட்டினர் ஒரே மூலையிற் கூடிநின்று தம்முள்ளேயே பேசிக் கலைவராயின் அங்கு உணவு உண்டு, விருந்து இல்லை. பேரவைக் கட்டணமும் விமானக் கூலியும் செலுத்த இயலாத சிறுநாட்டு இளைஞர் வெளியே நிற்பராயின், அன்று பெண்களுக்கு அடைபட்ட வாயில் இன்று வறியோர்க்கு அடைபட்டதாகும். உதவிநிதி அளித்துச் சிலரை வரவேற்கும் வழக்கம் அச்சங்கத்தில் உண்டு என்பது ஆறுதல் தருவது. அது மேலும் பெருகுதல் வேண்டும்.

சட்டங் கற்கும் மாணவர்க்கு யான் கூறுவது இதுவே: இத்தகைய அவைக்குச் செல்லும் பேறு வாய்ப்பின், அறிந்தார் பக்கலில் இருக்கை தேடாதீர், மொழியறியாது ஒதுங்கி நிற்கும் ஒருவர் அருகே சென்று அமர்வீராக.