கார் ஸ்பீக்கருக்கு அடாப்டர் ரிங்: அளவு அச்சை நீங்களே பிரிண்ட் எடுக்கலாம்

கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கியாகிவிட்டது. விண்ணப்பங்களும் பிள்ளைகளின் ப்ராஜெக்டும் பிரிண்ட் எடுத்தாகிவிட்டது. வேறு என்ன செய்யலாம் என்று கேட்கும் வாசகர்களுக்கு இந்த முறை ஒரு வித்தியாசமான வேலை. காரின் கதவில் புதிய ஸ்பீக்கர் மாட்டத் தேவைப்படும் அடாப்டர் ரிங்கின் அளவு அச்சை வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைந்து பிரிண்ட் எடுக்கப் போகிறோம். இதில் பிரிண்டர் செட்டிங் ஒன்று தவறினால் பேப்பரில் எதுவும் தெரியாது. கதவில் ஓட்டை போட்ட பிறகுதான் தெரியும்.

அடாப்டர் ரிங் எதற்கு? கம்பெனி பொருத்தித் தரும் ஸ்பீக்கரைக் கழற்றினால் அதன் திருகு ஓட்டைகள் ஒரு மாதிரி இருக்கும், கடையில் வாங்கிய ஸ்பீக்கரின் ஓட்டைகள் வேறு மாதிரி இருக்கும். இரண்டுமே ஆறரை இஞ்ச் என்றுதான் சொல்வார்கள். அது பெயரளவு மட்டுமே. பல டொயோட்டா கார்களில் ஸ்பீக்கரும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டமும் ஒரே துண்டாக வரும். ஸ்பீக்கரை எடுத்தால் கதவில் பெரிய ஓட்டைதான் மிஞ்சும். போக்ஸ்வேகன் போலோ போன்ற கார்களில் திருகே கிடையாது, ரிவெட் அடித்திருப்பார்கள். அதை டிரில் செய்துதான் எடுக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வளையம்தான் அடாப்டர் ரிங். பிராக்கெட், ஸ்பேசர் என்றும் சொல்வார்கள்.

வளையம் இல்லாமல் இரண்டு திருகில் தொங்கவிட்டால் என்ன? சில கடைகளில் அப்படித்தான் மாட்டி அனுப்புகிறார்கள். ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. ஓரத்தில் இடைவெளி இருந்தால் இந்த இரண்டு அலைகளும் கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதலில் காணாமல் போவது பேஸ். "இவ்வளவு விலை கொடுத்தும் சத்தம் தகரம் மாதிரி இருக்கிறதே" என்று புலம்புபவர்கள் ஸ்பீக்கரைத் திட்டுவதற்கு முன் அந்த ஓரத்தைப் பார்ப்பது நல்லது.

உங்கள் காருக்கென்றே செய்த பிளாஸ்டிக் ரிங் கார் ஆக்சஸரீஸ் கடையிலோ ஆன்லைனிலோ கிடைத்தால் அதை வாங்கிவிடுங்கள். நாமே செய்வதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் வாங்குமுன் காரின் மாடல், ஆண்டு, முன் கதவா பின் கதவா என்பதோடு புதிய ஸ்பீக்கரின் திருகு ஓட்டைகளுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று விற்கும் ரிங் பெரும்பாலும் எதற்கும் சரியாகப் பொருந்தாது. பொருத்தமானது கிடைக்காதவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

முதலில் அளவுகள். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஸ்டீல் ஸ்கேல் போதும். ஓட்டையின் மையத்தைக் கண்ணால் பார்த்து அளக்க வேண்டாம். ஒரு ஓட்டையின் இடது ஓரத்திலிருந்து அடுத்த ஓட்டையின் இடது ஓரம் வரை அளந்தால், இரண்டும் ஒரே அளவு ஓட்டைகள் என்பதால், மையத்துக்கு மையம் உள்ள தூரம் கிடைத்துவிடும்.

பழைய ஸ்பீக்கருக்குச் சம இடைவெளியில் மூன்று ஓட்டைகள் என்றால், அவை அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தை நேரடியாக அளக்க முடியாது, எதிரெதிரே ஓட்டை இல்லையே! இரண்டு ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தை 0.866 ஆல் வகுக்கவும். 130 மி.மீ. என்றால் விட்டம் 150.1 மி.மீ. புதிய ஸ்பீக்கரில் நான்கு ஓட்டைகள் என்றால் வேலை சுலபம். எதிரெதிர் ஓட்டைகளின் தூரமே விட்டம். அது 156 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை 0.7071 ஆல் பெருக்கினால் 110.3. அந்த நான்கு ஓட்டைகளும் 110.3 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைகள். இவை உதாரண எண்கள்தான், உங்கள் ஸ்பீக்கரை அளந்து மாற்றிக்கொள்ளவும்.

அடுத்து தடிமன். இதை யாரும் அளப்பதில்லை, கடைசியில் கண்ணாடி இடிக்கும். ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, கதவுத் தகட்டிலிருந்து கண்ணாடி வரை ஸ்கேலை விட்டுப் பாருங்கள். 55 மி.மீ. இருக்கிறது, ஸ்பீக்கரின் ஆழம் 62 மி.மீ. என்றால் 7 மி.மீ. போதவில்லை. கண்ணாடி ஆடுவதற்கு 5 மி.மீ. சேர்த்தால் 12 மி.மீ. தடிமன் வளையம் தேவை. அதற்காகத் தடிமனைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. முன்பக்கம் கதவு பேடின் கிரில் ஸ்பீக்கரில் முட்டும். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி, ஸ்பீக்கர் வரும் இடத்துக்கு நேரே தகட்டில் ஒட்டி, பேடை வைத்து அழுத்தி எடுங்கள். களிமண் எவ்வளவு உயரத்துக்கு நசுங்கியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் இடம்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். இன்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேரை அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். பைல் மெனுவில் டாக்குமெண்ட் ப்ராபர்டீஸ் சென்று, பக்கம் ஏ4, அளவு மில்லிமீட்டர் என்று அமைக்கவும்.

வரையத் தொடங்குமுன் ஒரு முக்கியமான செட்டிங். இன்க்ஸ்கேப் வழக்கமாகக் கோட்டின் தடிமனையும் சேர்த்துத்தான் அளவு காட்டும். 130 மி.மீ. என்று டைப் செய்தால் கோட்டின் வெளி ஓரம்தான் 130 ஆகும். எடிட் மெனுவில் ப்ரிபரன்ஸஸ், அதில் டூல்ஸ் பகுதிக்குச் சென்று ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸ் என்பதைத் தேர்வு செய்யுங்கள். இனி டைப் செய்யும் எண்ணே உண்மையான அளவு.

வட்டம் வரையும் டூலை எடுத்து, கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ஒரு வட்டம் வரையுங்கள். பிறகு செலக்ட் டூலுக்கு மாறினால் மேலே அகலம், உயரம் பெட்டிகள் தோன்றும். இரண்டிலும் 130 என்று கொடுங்கள். இது ஸ்பீக்கர் உள்ளே இறங்கும் ஓட்டை. அதேபோல் 180 மி.மீ. வெளி வட்டம், 150.1 மி.மீ. துணை வட்டம், 110.3 மி.மீ. சதுரம். ஆப்ஜெக்ட் மெனுவில் உள்ள அலைன் வசதியால் நான்கையும் பக்கத்தின் மையத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று ஓட்டைகளுக்கு, நட்சத்திர டூலில் பாலிகன் தேர்ந்தெடுத்து மூலைகள் 3 என்று கொடுத்து, கன்ட்ரோல் கீயுடன் நேராக வரைந்து, பூட்டுப் படத்தை அழுத்திவிட்டு அகலம் 130 என்று அமைக்கவும். இந்த முக்கோணத்தை மட்டும் அலைன் கொடுத்து மையப்படுத்தாதீர்கள்! அலைன் எடுப்பது முக்கோணத்தைச் சுற்றியுள்ள செவ்வகத்தின் நடுவை. அது முக்கோணத்தின் மையம் அல்ல. இந்த உதாரணத்தில் 18 மி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். மூன்று மூலைகளும் 150.1 வட்டத்தைத் தொடும்படி மவுஸால் நகர்த்தி வையுங்கள். புது ஓட்டையும் பழைய ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் சதுரத்தைச் சற்றுச் சுழற்றிவிடலாம்.

ஓரத்தில் 100 மி.மீ. கோடு குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று வரைந்துவிடுங்கள். ஏன் என்று இதோ பார்க்கலாம்.

பைலை பிடிஎப் ஆகச் சேமித்து, அடோப் ரீடரில் திறந்து பிரிண்ட் கொடுக்கும்போது, "பிட்" என்ற தேர்வு இருந்தால் அதை விட்டு "ஆக்சுவல் சைஸ்" என்பதைத் தேர்வு செய்யவும். பிட் என்றால் பிரிண்டர் அச்சிட முடியாத ஓரங்களை விட்டுவிட்டு மீதி இடத்துக்குள் பக்கத்தைச் சுருக்கும். பல பிரிண்டர்களில் இது 96, 97 சதவீதம் ஆகிவிடும். விண்ணப்பத்தில் இது கண்ணுக்கே தெரியாது. நம் 156 மி.மீ. வட்டமோ 97 சதவீதத்தில் 151.3 ஆகிவிடும். திருகு உள்ளே போகாது. பிரிண்டரின் பேப்பர் அளவு ஏ4க்குப் பதில் லெட்டர் என்று இருந்தால் இன்னும் மோசம். பிட் முறையில், ஓரங்களைக் கணக்கில் சேர்க்காமலேயே அது ஏறக்குறைய 94 சதவீதம். எனவே பிரிண்ட் வந்ததும் முதலில் அந்த இரண்டு கோடுகளையும் ஸ்கேல் வைத்து அளக்கவும். இரண்டும் 100 மி.மீ. இருந்தால்தான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். பிறகு பேப்பரை அட்டையில் ஒட்டி வெட்டி, கதவிலும் ஸ்பீக்கரிலும் வைத்துப் பாருங்கள். ஓட்டைகள் சமச்சீராக இல்லாத கார் என்றால் அட்டையின் முன்பக்கத்தில் "முன்" என்று எழுதி வையுங்கள், திருப்பி வைத்து வெட்டினால் எதிர்க்கதவுக்குத்தான் ஆகும்.

எதில் வெட்டுவது? கார்பென்டர் முதலில் காட்டுவது எம்டிஎப் பலகை. வெட்டச் சுலபம், ஆனால் மழை பெய்யும்போது கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறுகிறது. கார் கதவின் அமைப்பே அப்படி. எம்டிஎப் அந்த ஈரத்தில் ஊறி உப்பிவிடும். எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்தாலும் திருகு ஓட்டை வழியே நனையும். பெயர்ப்பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் 12 மி.மீ. பிவிசி ஃபோம் ஷீட் எனக்குப் பிடித்த தேர்வு. ஜிக்சா ரம்பத்தால் வெட்டலாம். அவர்களிடம் சிஎன்சி ரௌட்டர் இருந்தால் இன்க்ஸ்கேப்பிலேயே டிஎக்ஸ்எப் ஆகச் சேமித்துக் கொடுக்கலாம், அளவு மில்லிமீட்டரில் என்று வாயால் சொல்லிவிடுங்கள். பிவிசியை லேசரில் வெட்டக் கேட்காதீர்கள், நச்சு வாயு வரும். த்ரீடி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் உதவுவதாகச் சொன்னால் பிஎல்ஏ வேண்டாம் என்று சொல்லுங்கள், அது 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். வெயிலில் மூடி நிற்கும் காருக்கு ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ சரி.

மாட்டும்போது, வளையத்தைக் கதவில் பிடிக்கும் மூன்று திருகுகளின் தலையும் மட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும். ஏனென்றால் ஸ்பீக்கரின் விளிம்பு அவற்றின்மேல்தான் உட்காரும். வளையத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டவும். கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுத்து, அதே மாதிரி திரும்ப ஒட்டுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதலை உணரும் அழுத்த சென்சார் கதவுக்குள் இருக்கும், அதற்குக் கதவு மூடியிருப்பது அவசியம். ஒயரை வெட்டாமல், உங்கள் காருக்கான கப்ளர் வாங்கி இணைத்தால் பழைய ஸ்பீக்கரை எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். பேடை மூடும் முன் கண்ணாடியை முழுவதும் இறக்கி ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.