பக்கத்து வீட்டுக் கணக்கு நமக்கு ஆகுமா?

நார்வேயிலுள்ள என் அக்கா வீட்டிற்கு, குளிர்காலத்தில் சென்றிருந்தேன். மூட்டுவலியால் அவதிப்படும் அவள் மாமியாருக்காக, வீட்டைச் சூடாக்கும், 'ஹீட் பம்ப்' வாங்க முடிவு செய்தனர். பக்கத்து வீட்டுக்காரர், 100 மீட்டருக்கும் ஆழமாக போர் போட்டு, பூமிச் சூட்டை எடுக்கும் பம்ப் வைத்திருந்ததால், 'கடன் வாங்கியாவது அதையே போடுவோம்' என்றார் அத்தான்.

அக்காவோ, கரன்ட் பில்களை எடுத்துப் போட்டு, 'ஆழத்துல சூடு வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்கும், கரன்டும் குறைச்சல்தான். ஆனா, நம்ம சின்ன வீட்டுக்கு மிச்சமாகுற காசு, போர் போட்ட கடனை அடைக்கவே பத்தாதுங்க. வெளிக்காத்துல சூடு எடுக்குற பம்ப்பே போதும். கடுங்குளிர்ல அது கொஞ்சம் திணறும். அன்னிக்கு விறகு அடுப்பு இருக்கவே இருக்கு' என்றாள். அத்தானும் ஒப்புக்கொண்டார்.

கடனில்லாமல், மாமியாரின் அறை இப்போது கதகதப்பாக இருக்கிறது.

அடுத்த வீட்டைப் பார்த்து வாங்காமல், நம் வீட்டுக்கு எது பொருந்தும் என, கணக்கு பார்க்கலாமே தோழியரே!

– வாசகி, திருச்சி.