தறையாணி வள்ளமும் ஒட்டு வள்ளமும்

விதைப்பு முடிந்து பயிர் தலைதூக்கும் நாட்களில் குளத்தில் வலைபோடும் கமக்காரர் பலர் உளர். இவர்கள் மரத்தோணியையோ கண்ணாடியிழை வள்ளத்தையோ விடுத்து அலுமினிய வள்ளம் வாங்க எண்ணின், அதன் தகடுகள் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளன என்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

ஒரு முறை, தகட்டு ஓரங்களை ஒன்றன்மேலொன்றாக வைத்து ரிவெற்று எனப்படும் தறையாணி அறைவது. அமெரிக்காவிற் போர் விமானங்கள் செய்த கிறமன் நிறுவனம் 1945இல் அதே கைவேலையைக் கொண்டு சிறு வள்ளங்கள் செய்யத் தொடங்கிற்று. தகடு மெல்லியதாதலின் வள்ளம் பாரங் குறைந்தது. சிறியதாயின் இருவர் தூக்கிக் குளக்கட்டில் ஏற்றலாம். ஆயினும் அலையும் அடிக்கட்டையும் மோத மோத ஆணிகள் ஆட்டங்கொண்டு நீர் கசியும். கசிவைக் காண்பது எளிது. வள்ளத்தைக் கட்டைகள்மேல் நன்கு தாங்கவைத்து, உள்ளே நான்கு அங்குல நீர் விட்டு, அடியிற் சொட்டும் இடங்களைக் குறித்துக்கொள்க. ஒருவர் ஆணித்தலையிற் கனத்த இரும்பை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மறுபுறம் அடித்து இறுக்கலாம். துளை பெருத்திருந்தாற் சற்றுப் பருத்த அலுமினிய ஆணி இடுக.

மற்றது வெல்டிங் எனப்படும் காய்ச்சி ஒட்டும் முறை. துளையில்லை, ஆட்டங்கொள்ள ஆணியுமில்லை. தகடு தடித்ததாதலின் மோதலையும் நன்கு தாங்கும். ஆனால் ஒட்டும்போது எழும் சூடு அயலிலுள்ள தகட்டை மென்மையாக்கும். 6061 என்னும் கலப்புலோகம் அவ்விடத்தில் ஏறக்குறையப் பாதி வலிமையை இழக்கும். மகனீசியம் கலந்த 5052, 5083 என்பன அவ்வளவு இழப்பதில்லை. விற்பவரிடம் இவ்வெண்ணைக் கேட்டறிக. வெடிப்பு உண்டாயின் பெரும்பாலும் ஒட்டின் ஓரத்திலேயே தோன்றி நீளும். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும்; அதன் மேற்படலமோ 2000 பாகைக்கு மேலேதான் உருகும். ஆதலின் இரும்புப் படலை ஒட்டும் ஊர்ப் பட்டறைக் கருவி இதற்கு உதவாது. ஆகன் வாயுவும் பழகிய கையும் வேண்டும்.

பட்டமரங்கள் நிற்கும் குளத்துக்கு, பட்டறை தொலைவிலுள்ளவர்க்கு, தறையாணி வள்ளமே ஏற்றது என்பது எம் கருத்து. எந்திரம் பூட்டிக் களப்பு முகத்திலும் கடலலையிலும் ஓடுவோர் ஒட்டு வள்ளத்தையே நாடுக.

எவ்வகை வள்ளமாயினும் கமக்காரரின் கையால் வரும் கேடு ஒன்றுண்டு. மறுகரைத் தோட்டத்துக்குப் போடோக் கலவையை வள்ளத்திற் கொண்டுசெல்வர். அதிலுள்ள மயில்துத்தம் சிந்தினால், அதன் செம்பு தகட்டிற் படிந்து ஊசித்துளைகளாக அரிக்கும். நனைந்த சுண்ணாம்பும் உர மூடையும் தீங்கானவையே. அன்றைக்கன்றே நன்னீரால் அடிப்பலகைக்குக் கீழும் கழுவுதல் வேண்டும். பித்தளை ஆணியும் செப்புக் கம்பியும் தகட்டிற் படலாகாது. உவர்நீரில் அரிப்பு இன்னும் விரைவாகும். பொருத்தமான ஆணி கிடைக்கும்வரை வளையத்தைக் கயிற்றாற் கட்டி வைப்பினும் போதும்.